முஸ்லிம் நாடுகளில் ஜனநாயகம், அரசியல் வன்முறை பற்றி மக்களிடம் கேட்பது எப்படி: கருத்துக்கணிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2005-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஜோர்டான் முஸ்லிம்களிடம் ஒரு கேள்வி கேட்டது. இஸ்லாமை எதிரிகளிடமிருந்து காப்பதற்காகப் பொதுமக்கள் மீது தற்கொலைத் தாக்குதல் நடத்துவது நியாயமா? அடிக்கடி அல்லது சில சமயம் நியாயம்தான் என்றவர்கள் 57 சதவீதம். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று அம்மான் நகரில் மூன்று ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. அவற்றில் ஒன்றில் கல்யாண வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அதே கேள்வியோடு போனபோது அந்த 57 சதவீதம் 29 ஆகக் குறைந்திருந்தது.

ஒரு வருஷத்தில் ஜோர்டான் மக்களின் மதம் மாறிவிடவில்லை. கேள்வி காதில் விழுந்ததும் மனதில் எழுந்த காட்சிதான் மாறியது. முன்பு அது எங்கோ ஈராக்கிலோ பாலஸ்தீனத்திலோ நடக்கும் விஷயம். பிறகு சொந்த ஊர்க் கல்யாண மண்டபம்.

இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் பாதித்த இரண்டு எண்கள் இவை. இப்படிப்பட்ட எண்கள் ஆய்வு அறிக்கையோடு நிற்பதில்லை. செய்தித் தலைப்பாகி, மேடைப் பேச்சாகி, கடைசியில் ஒரு மதத்தைச் சேர்ந்த கோடிக்கணக்கானோர் நெற்றியில் முத்திரையாக ஒட்டிக்கொள்கின்றன. அதனால் அந்த எண்ணை உருவாக்குகிறவருக்குப் பொறுப்பு அதிகம். ஆராய்ச்சி மாணவர்கள், பத்திரிகையாளர்கள், இத்தகைய கணிப்புகளைப் படித்து எழுதுகிறவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கணிப்பு நடத்தப் போகாதவர்களும் படிக்கலாம். வெளியாகும் கணிப்பை எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பது பிடிபடும்.

படி 1: எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

‘ஜனநாயகத்தை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டால் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் பெரும்பான்மை ‘ஆம்’ என்றுதான் சொல்லும். அந்த ஆமாவுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். 2006-ல் தொடங்கிய அரபு பாரோமீட்டர் திட்டம் இதைச் சரியாகப் பிடித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்க் டெஸ்லர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அமானி ஜமால் ஆகியோர் அரபு நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய திட்டம் அது. ஜனநாயகத்தின் மிக முக்கியமான அம்சம் எது என்று கேட்டு அவர்கள் நான்கு விடைகள் கொடுத்தார்கள்: தேர்தல் மூலம் ஆட்சியை மாற்றுவது, அரசை விமர்சிக்கும் சுதந்திரம், ஏழை பணக்காரர் இடைவெளி குறைவது, எல்லோருக்கும் அடிப்படைத் தேவைகள் கிடைப்பது. கணிசமானோர் கடைசி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் மனதில் ஜனநாயகம் என்றால் வாக்குச் சீட்டைவிடச் சோறும் வேலையும்தான் முன்னே நிற்கிறது.

அதனால் ஒரே கேள்வியில் நிறுத்தாதீர்கள். கொள்கை அளவில் ஆதரவு, சொந்த நாட்டில் அது எப்படி நடக்கிறது என்ற மதிப்பீடு, மாற்று ஆட்சிமுறைகள் பற்றிய எண்ணம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிபிசி அரபு சேவைக்காக அரபு பாரோமீட்டர் 2021-22-ல் ஒன்பது நாடுகளிலும் பாலஸ்தீனப் பகுதிகளிலும் ஏறக்குறைய 23,000 பேரிடம் பேசியது. குறைகள் இருந்தாலும் மற்ற ஆட்சிமுறைகளைவிட ஜனநாயகமே மேல் என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள். அதே கணிப்பில், தேவைப்பட்டால் விதிகளை வளைத்துக் காரியம் முடிக்கும் தலைவர் வேண்டும் என்று ஈராக்கில் மட்டும் 87 சதவீதம் பேர் சொன்னார்கள். இதில் ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் நம் கையில் பாதி உண்மைதான் இருந்திருக்கும்.

வன்முறைக்கும் இதே கதைதான். யார் செய்யும் வன்முறை? யார் மீது? எதற்காக? அந்நிய ராணுவத்தைத் தாக்குவதும் சந்தையில் குண்டு வைப்பதும் கேட்கிறவர் மனதில் ஒன்றல்ல. அரசு தன் மக்கள் மீது நடத்தும் வன்முறையையும் பட்டியலில் சேருங்கள். பல கணிப்புகள் அதைத் தொடுவதே இல்லை. இது பெரிய குறை என்பது என் உறுதியான கருத்து. எகிப்திலோ அதிபர் அசாத் காலச் சிரியாவிலோ சாதாரண மனிதர் அதிகம் பயப்படும் வன்முறையைக் கேள்வித்தாளிலிருந்தே எடுத்துவிட்டு அரசியல் வன்முறையை அளந்தேன் என்று சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. ஜனநாயகமும் வன்முறையும் தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடாதீர்கள். 2009-ல் பாகிஸ்தானில் நான்கு மாகாணங்களில் 6,000 பேரிடம் நடத்திய ஆய்வில் கிறிஸ்டின் ஃபேர், நீல் மல்ஹோத்ரா, ஜேக்கப் ஷபிரோ ஆகியோர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். ஜனநாயக விழுமியங்களை அதிகம் ஏற்பவர்களிடம் ஆயுதக் குழுக்களுக்கான ஆதரவு சற்று கூடுதலாக இருந்தது. காஷ்மீரில் முஸ்லிம்களின் உரிமை பறிக்கப்படுகிறது என்று நம்பியவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. சுதந்திரம், சுயநிர்ணயம் என்ற மதிப்பீடுகளே அவர்களை ஆயுதத்தின் பக்கம் தள்ளியிருக்கின்றன. ‘ஜனநாயகக் கல்வி கொடுத்தால் தீவிரவாதம் குறையும்’ என்ற எளிய சூத்திரத்தோடு களத்துக்குப் போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

மதத்தையும் முன்கூட்டியே காரணமாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். அமெரிக்கா மீதான பயங்கரவாதத் தாக்குதல்களை யார் ஆதரிக்கிறார்கள் என்று அல்ஜீரியாவிலும் ஜோர்டானிலும் டெஸ்லரும் மைக்கேல் ராபின்ஸும் பார்த்தபோது மதப்பற்று அதை விளக்கவில்லை. வறுமையும் விளக்கவில்லை. தங்கள் சொந்த அரசின் மீதும் அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் மீதும் இருந்த கசப்புதான் விளக்கியது. கேள்வித்தாளில் தொழுகை பற்றி மட்டும் கேட்டு அரசைப் பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால்? பழி தொழுகையின் மேல் விழுந்திருக்கும்.

படி 2: சொற்களோடு நாள் கணக்கில் உட்காருங்கள்

தமிழில் ‘போராட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீருக்குக் காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்வதும் போராட்டம். புற்றுநோயோடு ஒருவர் நடத்துவதும் போராட்டம். துப்பாக்கி ஏந்துவதும் போராட்டம். ‘போராட்டத்தை ஆதரிக்கிறீர்களா’ என்று ஒரு வெளிநாட்டுக்காரர் நம்மிடம் கேட்டு, வந்த சதவீதத்தை ‘ஆயுத ஆதரவு’ என்று அச்சிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? ‘ஜிஹாத்’ என்ற சொல்லுக்குப் பல கணிப்புகளில் நடந்தது இதுதான். ஒருவருக்கு அது தன் மனதோடு நடத்தும் போர், இன்னொருவருக்கு ஆயுதப் போர், மற்றவருக்கு இரண்டும். மேலே சொன்ன பாகிஸ்தான் ஆய்வுக் குழு இந்த அர்த்தங்களைப் பிரித்தே கேட்டது. தனிமனிதரும் ஆயுதமேந்தி நடத்தலாம் என்று ஜிஹாதைப் புரிந்துகொண்டவர்களிடம்தான் ஆயுதக் குழுக்களுக்கான ஆதரவு அதிகம் என்று தெரிந்தது. பொதுவான மதப்பற்றுக்கும் அந்த ஆதரவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

‘ஷரியா’ என்ற இஸ்லாமியச் சட்டநெறி அடுத்தது. பியூ மையம் 2008 முதல் 2012 வரை 39 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை நேர்கண்டு 2013-ல் வெளியிட்ட அறிக்கையில், ஷரியாவை நாட்டின் சட்டமாக்க வேண்டும் என்றவர்கள் ஆப்கானிஸ்தானில் 99 சதவீதம், இந்தோனேசியாவில் 72, துருக்கியில் 12, அஜர்பைஜானில் 8. ‘முஸ்லிம் உலகம்’ என்று ஒரே மூச்சில் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும். ஆனால் 72-க்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சட்டத்தையா கேட்கிறார்கள்? சிலருக்குத் திருமணம், வாரிசுரிமை. சிலருக்கு லஞ்சமில்லாத நீதிபதி. சிலருக்குக் கடும் தண்டனைகள். சொல்லோடு நிற்காமல் உள்ளே என்ன என்று துணைக்கேள்வி கேளுங்கள். பியூ அதைச் செய்தது. தலைப்பு எழுதியவர்கள்தான் பல இடங்களில் அதை விட்டுவிட்டார்கள்.

அரபியில் ‘முகாவமா’ என்றால் எதிர்ப்புப் போராட்டம், ‘இர்ஹாப்’ என்றால் பயங்கரவாதம். ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள். எந்தப் பெயரைக் கேள்வியில் வைக்கிறீர்களோ அது பாதிப் பதிலை எழுதிவிடும். ‘போராளி’ என்பதற்கும் ‘தீவிரவாதி’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வழி என்ன? பெயர் சூட்டாமல் செயலைச் சொல்லுங்கள். ‘பேருந்தில் போகும் பொதுமக்களைக் கொல்வது’ என்று கேளுங்கள்.

மொழிபெயர்ப்புக்கு இரண்டு பேர் தனித்தனியாக எழுதட்டும். மூன்றாமவர் இரண்டையும் வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது மட்டும் போதாது. அகராதிப் பொருள் சரியாக இருந்தாலும் ஊர்ப் பொருள் தவறாக இருக்கும். ஜனநாயகத்துக்கான உருதுச் சொல் ‘ஜம்ஹூரியத்’. பாகிஸ்தானின் பெஷாவரில் படிப்பில்லாத விவசாயிக்கு அது ஆட்சிமுறையைக் குறிக்கிறதா, இப்போதிருக்கும் அரசைக் குறிக்கிறதா? இருபது முப்பது பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டு, ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்டால் தெரிந்துவிடும். செலவு குறைவு, பலன் அதிகம்.

படி 3: நேராகக் கேட்க முடியாததைக் கேட்கும் வழிகள்

2021-க்கு முந்தைய ஆப்கானிஸ்தானில், தாலிபான் கட்டுப்பாட்டில் பாதி, அரசின் கட்டுப்பாட்டில் பாதி இருக்கும் ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத ஒருவர் வந்து ‘தாலிபானை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்கிறார். பக்கத்தில் மாமனும் அண்டை வீட்டுக்காரரும் நிற்கிறார்கள். எந்தப் பதிலும் ஆபத்து. இந்த நிலைமைக்காக உருவானவைதான் மறைமுக முறைகள்.

முதலாவது பட்டியல் முறை. ஆட்களைக் குலுக்கல் மாதிரி குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்குச் சாதாரணமான மூன்று பெயர்களைப் படித்து, ‘இதில் எத்தனை பேரை ஆதரிக்கிறீர்கள்? யார் யார் என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். இன்னொரு குழுவுக்கு அதே மூன்றோடு சிக்கலான பெயரை நான்காவதாகச் சேர்க்க வேண்டும். இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம்தான் அந்த நான்காவதின் ஆதரவு. யார் அதை ஆதரித்தார் என்று கேட்டவருக்கே தெரியாது.

கேட்க அழகாக இருக்கிறது. களத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். 2011-ல் ஜேசன் லயல், கிரேம் பிளேர், கொசுகே இமாய் ஆகியோர் ஆப்கானிஸ்தானில் பஷ்தூன் இனத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஐந்து மாகாணங்களில், 204 கிராமங்களில், 2,754 ஆண்களிடம் இதைச் செய்தார்கள். மூன்று குழுக்கள், ஒவ்வொன்றிலும் 918 பேர். பொதுவான மூன்று பெயர்கள்: அப்போதைய அதிபர் கர்சாயின் அரசு, தேசிய ஒற்றுமைத் திட்டம் என்ற கிராம மேம்பாட்டுத் திட்டம், உள்ளூர் விவசாயிகள். இரண்டாவது குழுவுக்கு வெளிநாட்டுப் படைகள் நான்காவது. மூன்றாவது குழுவுக்குத் தாலிபான் நான்காவது.

முதல் குழுவில் பூஜ்யம் என்றவர்கள் 188, ஒன்று 265, இரண்டு 265, மூன்று 200. சராசரி 1.52. வெளிநாட்டுப் படைக் குழுவில் பூஜ்யம் 174, ஒன்று 278, இரண்டு 260, மூன்று 182, நான்கு 24. சராசரி 1.57. வித்தியாசம் 0.05, அதாவது ஏறக்குறைய 5 சதவீத ஆதரவு. ஆனால் இதன் பிழை வரம்பை, அதாவது சிலரை மட்டும் கேட்பதால் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவை, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், கூட்டியும் குறைத்தும் 10 புள்ளிகள் வரும். 5 சதவீதமா, 15-ஆ, ஒன்றுமே இல்லையா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. பட்டியல் முறைக்குக் கொடுக்க வேண்டிய விலை இது. நேர்க்கேள்விக்கு ஆயிரம் பேர் போதும் என்றால் இதற்குப் பல ஆயிரம் பேர் வேண்டும்.

இப்போது தாலிபான் குழுவைப் பாருங்கள். ஒன்று 433, இரண்டு 287, மூன்று 198. பூஜ்யம் என்றவர் ஒருவர்கூட இல்லை. நான்கு என்றவரும் ஒருவர்கூட இல்லை. 918 பேரில் ஒருவர்கூட!

இந்த அட்டவணையை முதன்முதலில் பார்த்தபோது வெகுநேரம் அதிலேயே நின்றுவிட்டேன். பூஜ்யம் என்றால் ‘தாலிபானையும் ஆதரிக்கவில்லை’ என்று வெளிப்பட்டுவிடும். நான்கு என்றால் ‘தாலிபானையும் ஆதரிக்கிறேன்’ என்று வெளிப்பட்டுவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்த அந்தக் கிராமங்களில், புள்ளியியல் நிபுணர்கள் வடிவமைத்த மறைப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எல்லோரும் நொடியில் கண்டுபிடித்து ஒதுங்கிக்கொண்டார்கள். உயிர் பிழைக்கப் பழகியவர்களின் கூர்மை அது. சராசரி வித்தியாசத்தை மட்டும் கணக்கிட்டால் 22 சதவீத ஆதரவு என்று ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

ஆகவே பட்டியல் முறையைப் பயன்படுத்தினால் முதலில் சராசரியைப் பார்க்காதீர்கள், பூஜ்யத்தையும் உச்சத்தையும் பாருங்கள். பொதுப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் விரும்பும் ஒன்றையும் அதிகம் பேர் விரும்பாத ஒன்றையும் கலந்து வையுங்கள். அப்போது பெரும்பாலான பதில்கள் நடுவில் விழும், மறைப்பும் நிலைக்கும்.

இரண்டாவது வழி பரிந்துரை முறை. இதில் ஆயுதக் குழுவைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஒரு பொதுக் கொள்கையைப் பற்றிக் கேட்கிறோம். பாகிஸ்தான் ஆய்வில் எடுத்துக்கொண்ட விஷயங்களில் போலியோ தடுப்பு மருந்தும் மதரசா பாடத்திட்டச் சீர்திருத்தமும் இருந்தன. ஒரு குழுவிடம் ‘இந்தத் திட்டத்தை எந்த அளவு ஆதரிக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேள்வி. மற்ற குழுக்களிடம் ‘இந்தத் திட்டத்தை இன்ன அமைப்பு ஆதரிக்கிறது, நீங்கள்?’ என்று கேள்வி. அமைப்பின் பெயர் சேர்ந்ததும் ஆதரவு கூடினால் அந்த அமைப்பின் மீது நல்லெண்ணம், குறைந்தால் வெறுப்பு. பதில் சொல்கிறவர் போலியோ மருந்தைப் பற்றித்தான் பேசுகிறார், அவருக்கு ஆபத்து குறைவு. இந்த ஆய்வில்தான் பாகிஸ்தானில் நடுத்தர வர்க்கத்தைவிட ஏழைகள்தான் ஆயுதக் குழுக்களை அதிகம் வெறுக்கிறார்கள் என்று வெளிவந்தது. நகர்ப்புற ஏழைகளிடம் இந்த வெறுப்பு இன்னும் அழுத்தமாக இருந்தது. குண்டு வெடிக்கும் தெருவில் வாழ்கிறவர்கள் அவர்கள்தானே.

ஆப்கானிஸ்தானிலும் பட்டியல் முறை தோற்ற இடத்தில் பரிந்துரை முறை பேசியது. வெளிநாட்டுப் படையால் பாதிக்கப்பட்டவர்களிடம் அதன் மீதான ஆதரவு குறைந்து தாலிபான் பக்கம் சாய்வு கூடியது. தாலிபானால் பாதிக்கப்பட்டவர்களோ வெளிநாட்டுப் படையின் பக்கம் வந்துவிடவில்லை. அடி ஒன்றுதான் என்றாலும் அடித்தவன் சொந்தக்காரனா அந்நியனா என்பது கணக்கில் வருகிறது.

இதற்கும் குறை உண்டு. அளவு நேரடியான சதவீதமாக வராது, கூடுதல் குறைவு என்று ஒப்பிட மட்டுமே முடியும். அப்புறம், அந்த அமைப்பு அந்தத் திட்டத்தை ஆதரிக்கிறது என்று நம்பும்படி இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு முறைகளையும் சேர்த்தே வையுங்கள், நேர்க்கேள்வியையும் ஒரு பகுதியினரிடம் கேளுங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் தைரியமாக எழுதலாம்.

படி 4: யாரிடம் கேட்பது

மாதிரி எடுக்க, அதாவது எல்லோருக்கும் பதிலாகக் கேட்கச் சிலரைத் தேர்ந்தெடுக்க, மக்கள்தொகைக் கணக்கு வேண்டும். லெபனானில் கடைசியாக சென்சஸ் எடுத்தது 1932-ல். மத விகிதம் தெரிந்தால் அதிகாரப் பங்கீடு ஆட்டம் காணும் என்று அதன் பிறகு எடுக்கவே இல்லை. ஆப்கானிஸ்தானில் 1979-ல் தொடங்கியது முடிவதற்குள் போர் வந்துவிட்டது. அதனால் ‘நாட்டு மக்களைப் பிரதிபலிக்கும் மாதிரி’ என்ற வரியைப் பார்த்தால், எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்று கேளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணி வீடுகளைத் தேர்வது இப்போது ஒரு வழி.

சென்சஸ் இருக்கும் நாட்டில் வேலை எளிது. நாட்டை மாகாணம், நகரம், கிராமம் என்று பிரித்து, மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்போடு சிறு பகுதிகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட இடைவெளியில் வீடுகளைத் தேர்ந்து, வீட்டுக்குள்ளும் குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவைத் திறந்தவரிடமே பேசிவிட்டுத் திரும்புவதுதான் களத்தில் அதிகம் நடக்கும் ஏமாற்று.

எண்ணிக்கை பற்றி ஒரு கணக்கு மட்டும் மனதில் வையுங்கள். 2,400 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு 2 புள்ளிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் 240 இடங்களில் இடத்துக்குப் பத்துப் பேராக எடுக்கிறோம், ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள். பூஜ்யத்திலிருந்து 1 வரையான அளவில் அந்த ஒற்றுமை 0.05 என்றால் உங்கள் 2,400 பேர் உண்மையில் 1,655 பேருக்குச் சமம். வன்முறை போன்ற விஷயத்தில் ஊருக்கு ஊர் அனுபவமே வேறு. ஒற்றுமை 0.2 வரை போனால் 857 பேருக்குச் சமம், பிழை வரம்பும் 3.3 புள்ளிகளுக்கு மேல். அதனால் ஓர் இடத்தில் குறைவான ஆட்கள், அதிக இடங்கள் என்று திட்டமிடுங்கள். பெட்ரோல் செலவு கூடும், பரவாயில்லை.

போக முடியாத மாவட்டங்களை விட்டுவிட்டால் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வன்முறை அதிகமுள்ள இடங்கள்தான் பெரும்பாலும் விடுபடும். வன்முறையைப் பற்றிய கணிப்பில் அது சின்ன விஷயம் அல்ல. ஆண்களிடம் மட்டும் கேட்டிருந்தால் ‘ஆப்கானியர்கள்’ என்று எழுதாதீர்கள், ‘ஆப்கானிய ஆண்கள்’ என்று எழுதுங்கள்.

படி 5: யார் போய்க் கேட்பது

கெய்ரோ பெருநகரப் பகுதியில் லிசா பிளேடஸும் ரேச்சல் கில்லமும் 1,200 பெண்களிடம் நடத்திய ஆய்வில், கேட்க வந்த பெண் தலையை மறைத்திருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்துப் பதில்கள் மாறின. மறைத்தவர் முன் முஸ்லிம் பெண்கள் தங்களை அதிக மதப்பற்றுள்ளவர்களாகக் காட்டிக்கொண்டார்கள். மொராக்கோவில் லிண்ட்சே பென்ஸ்டெட் செய்த ஆய்வில், பெண்களும் அரசியலும் பற்றிய கேள்விகளுக்குக் கேட்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துப் பதில் மாறியது. இதை ஒழிக்க முடியாது. ஆனால் பதிவு செய்ய முடியும். களப்பணியாளரின் பாலினம், வயது, உடை, வட்டார வழக்கு எல்லாவற்றையும் ஒவ்வொரு நேர்காணலிலும் குறித்துக்கொண்டால் பிறகு கணக்கில் சரிபார்க்கலாம்.

ஆப்பிரிக்க நாடுகளில் கணிப்பு நடத்தும் ஆஃப்ரோபாரோமீட்டர் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறது. பேட்டி முடிந்ததும் ‘எங்களை அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். அறிமுகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தாலும் நிறையப் பேர் ‘அரசாங்கம்’ என்பார்கள். அப்படி நினைத்தவர்களின் பதிலைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் பயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று புரியும். செலவில்லாத கேள்வி, தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பாதுகாப்பு, அனுமதி

2002-ல் ஈரானில் ஒரு கணிப்பு வெளியானது. அமெரிக்காவோடு பேச்சுவார்த்தையை நான்கில் மூன்று பங்கு மக்கள் விரும்புவதாக அது சொன்னது. அதன் பின்னால் இருந்த பெஹ்ரூஸ் கெரான்பாயே, ஹொசைன் காசியான், அப்பாஸ் அப்தி ஆகியோர் கைது செய்யப்பட்டார்கள். எண் பிடிக்காவிட்டால் எண்ணியவர் சிறைக்குப் போகும் நாடுகள் உண்டு என்பதை மறக்காதீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கு விமான டிக்கெட் இருக்கும். உள்ளூர்க் களப்பணியாளர் அதே ஊரில்தான் மறுநாளும் கடைக்குப் போக வேண்டும்.

எகிப்தில் களக் கணிப்புக்கு அரசுப் புள்ளியியல் அமைப்பின் அனுமதி வேண்டும், கேள்விகளை அவர்கள் வெட்டுவதும் உண்டு. வெட்டுப்பட்ட கேள்விகளை அறிக்கையில் பட்டியலிட்டுவிடுங்கள். பதிலளிப்பவரின் பெயர், கைபேசி எண், வீட்டின் துல்லியமான இருப்பிடம் ஆகியவை பதில்களோடு ஒரே கோப்பில் இருக்கவே கூடாது. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம் என்பதை ஆரம்பத்தில் ஒரு முறையும், வன்முறைப் பகுதி தொடங்கும் முன் இன்னொரு முறையும் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவரின் ஒப்புதல் வாங்குவது வேறு, அந்த மனிதரின் ஒப்புதல் வாங்குவது வேறு. இரண்டும் தேவை.

படி 7: வந்த தரவை நம்பும் முன்

டேப்லெட்டில் பதிவு செய்தால் ஒவ்வொரு பேட்டியும் எத்தனை நிமிடம் எடுத்தது என்று தெரியும். 45 நிமிடக் கேள்வித்தாளை 12 நிமிடத்தில் முடித்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பத்தில் ஒருவரையாவது மேற்பார்வையாளர் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

நோபிள் குரியாகோஸும் மைக்கேல் ராபின்ஸும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்னாட்டுக் கணிப்புகளை எடுத்து, 85 சதவீதத்துக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும் பதில் தாள்களைத் தேடினார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு கணிப்பில் சந்தேகத்துக்கிடமான அளவு நகல்கள் இருப்பதாக அவர்கள் சொன்னது பெரிய சர்ச்சையானது. ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கும் கேள்வித்தாளில் நேர்மையான பதில்களும் அப்படி ஒத்துப்போகும் என்று பியூ மையம் மறுத்தது. எனக்கு இரு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. நகல் சோதனையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எந்தக் களப்பணியாளரின் தாள்களை மீண்டும் பார்க்க வேண்டும் என்று காட்டும் மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: எழுதும்போது

‘தெரியாது’ என்ற பதிலை வெட்டி எறியாதீர்கள். 2015-ல் பியூ பாகிஸ்தானில் ஐஎஸ் அமைப்பைப் பற்றிக் கேட்டபோது 28 சதவீதம் பேர்தான் எதிர்ப்பு தெரிவித்தார்கள். ‘நூற்றுக்கு 28 பேர்தான் எதிர்க்கிறார்கள்’ என்று பதறிய செய்திகள் வந்தன. ஆதரவு சொன்னவர்கள் வெறும் 9 சதவீதம், கருத்து சொல்லாதவர்கள் 62 சதவீதம் என்பதைச் சேர்த்துப் படித்தால் கதையே வேறு. அந்த 62-ல் கேள்விப்படாதவர்கள் எத்தனை, பயந்தவர்கள் எத்தனை, பேச விரும்பாதவர்கள் எத்தனை என்பதுதான் அடுத்த ஆய்வுக்கான கேள்வி.

ஒரே ஆண்டின் எண்ணைத் தனியாக நிறுத்தாதீர்கள். தற்கொலைத் தாக்குதல் நியாயம் என்றவர்கள் பாகிஸ்தானில் 2004-ல் 41 சதவீதம், 2007-ல் 9, 2014-ல் 3. இடைப்பட்ட காலத்தில் அந்த நாட்டின் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் குண்டுகள் வெடித்தன. லெபனானில் 2002-ல் 74 ஆக இருந்தது 2014-ல் 29. வரிசையாகப் பார்த்தால் ஒரு சமூகம் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்வது தெரிகிறது. ஒரே புள்ளியைப் பார்த்தால் மாறாத குணம் போலத் தெரிகிறது.

இன்னொன்றை வலியுறுத்தியே ஆக வேண்டும். முஸ்லிம்களிடம் கேட்ட அதே கேள்வியை மற்றவர்களிடமும் கேளுங்கள். 2006-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுத் திட்டம் ஒன்று அமெரிக்கர்களிடம், பொதுமக்களைக் குறிவைத்துக் குண்டு வீசுவதும் தாக்குவதும் நியாயமா என்று கேட்டது. ஒருபோதும் நியாயமில்லை என்றவர்கள் 46 சதவீதம். அடிக்கடி அல்லது சில சமயம் நியாயம் என்றவர்கள் 24 சதவீதம். ஒப்பிட ஆள் இல்லாமல் ஒரு சமூகத்தை மட்டும் மேடையேற்றி அளந்தால், அளவுகோலே குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. கேள்விகள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இல்லாதபோது இரண்டு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பந்தயம் நடத்தவும் கூடாது. இந்த எச்சரிக்கை மேலே உள்ள என் எண்களுக்கும் பொருந்தும்.

வெளியிடும் நாளுக்கும் தயாராக இருங்கள். 2003 ஜூலையில் ரமல்லாவில் பாலஸ்தீன ஆய்வாளர் கலீல் ஷிகாகி, அகதிகளிடம் நடத்திய கணிப்பின் முடிவை அறிவிக்க இருந்தார். மேற்குக் கரை, காசா, ஜோர்டான், லெபனான் ஆகிய இடங்களில் 4,500 அகதிக் குடும்பங்களிடம் கேட்டது. விட்டு வந்த ஊருக்குத் திரும்பும் உரிமையைக் கைவிட அவர்கள் தயாராக இல்லை, ஆனால் இஸ்ரேலுக்குள் போய்க் குடியேறுவதை முதல் விருப்பமாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம்தான். செய்தியாளர் கூட்டம் தொடங்குவதற்குள் கும்பல் ஒன்று அலுவலகத்துக்குள் நுழைந்து அவரைத் தாக்கியது, பொருட்களை உடைத்தது. தாங்கள் விட்டு வந்த மண்ணை ஒரு கணிப்பின் எண்ணை வைத்து யாரோ விலை பேசுகிறார்கள் என்று நினைத்தவர்களின் கோபம் அது. ஷிகாகி கணிப்புகள் நடத்துவதை நிறுத்தவில்லை.

அதனால் முடிவுகளை முதலில் உள்ளூர் மொழியில் வெளியிடுங்கள், ஆங்கிலத்தில் பிறகு போகட்டும். முழுக் கேள்வியையும் அது கேட்கப்பட்ட மொழியிலேயே, சதவீதத்தின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வெளியிடுவதற்கு முந்தைய நாள் களப்பணியாளர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளை என்ன வரப் போகிறது என்று சொல்லிவிடுங்கள். கேட்கப் போன வாசல்களில் நாளைக்குப் பதில் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான்.